சிப் (SIP) இணைய அழைப்பில் எதிர்முனைக் குரல் மட்டும் கேட்கவில்லை

மணி அடிக்கிறது, அழைப்பு இணைகிறது, நீங்கள் பேசுவதும் எதிர்முனையில் இருப்பவருக்குக் கேட்கிறது என்றால், அழைப்பை இணைக்கும் நெறிமுறையான சிப்பில் கோளாறு இல்லை. குரலைச் சுமந்து திரும்பி வரும் ஆர்டிபி (RTP) பாக்கெட்டுகள்தான் வழியில் தொலைகின்றன.

பெரும்பாலும் உங்கள் சாஃப்ட்போன் (கணினி அல்லது மொபைலில் இயங்கும் தொலைபேசிச் செயலி) இன்வைட்டோடு, அதாவது அழைப்பைத் தொடங்கும் செய்தியோடு, அனுப்பும் எஸ்டிபியில் (SDP, குரலை எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லும் பகுதி) 192.168 என்று தொடங்கும் உள்முகவரி இருக்கும். வெளியிலிருந்து அந்த முகவரிக்கு எதுவும் வந்து சேராது.

நெட்வொர்க் பாக்கெட்டுகளைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் அந்த இன்வைட்டைத் திறந்து, எஸ்டிபியில் ‘சி=’ (c=) வரியைப் பாருங்கள். உள்முகவரிதான் என்றால்:

1. சாஃப்ட்போன் அமைப்பில் ஸ்டன் (STUN) சர்வரை இயக்குங்கள். உங்கள் பொது முகவரியையும் போர்ட்டையும் சாஃப்ட்போனுக்குச் சொல்வது அதுதான்.
2. ரவுட்டரில் சிப் ஏஎல்ஜியை (SIP ALG, சிப் செய்திகளில் உள்ள முகவரிகளை ரவுட்டரே மாற்றும் வசதி) அணையுங்கள். உதவ வந்து கெடுக்கும் ஆசாமி அது.
3. மீண்டும் அழைத்து அதே வரியைப் பாருங்கள். பொது முகவரி வந்திருக்க வேண்டும்.

ரவுட்டர் உள்முகவரியைப் பொது முகவரியாக மாற்றும் முறை (நாட், NAT) சிமெட்ரிக் வகை என்றால் ஸ்டன் பலிக்காது. ஒவ்வொரு இலக்குக்கும் வேறு போர்ட் திறப்பதால், ஸ்டன் சொன்ன போர்ட் அழைப்புக்குப் பொருந்தாது. அங்கே ஆடியோவை இடைநின்று கடத்தும் டர்ன் (TURN) சர்வர் வேண்டும், அல்லது உங்கள் சிப் சர்வரே அந்த வேலையைச் செய்ய வேண்டும்.