சொந்த வெப்சைட்டுக்கு எந்த ஸ்டாக்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஸ்டாக் என்றால் ஒரு தளத்தைக் கட்டச் சேர்த்துப் பயன்படுத்தும் மொழி, கருவிகள், டேட்டாபேஸ் எல்லாம் அடங்கிய தொகுப்பு.

என் கவிதைகளைப் போட ஒரு தளம் வேண்டும். ஐம்பது, அறுபது கவிதைகள் தேறும். அதற்காக நெக்ஸ்ட் ஜேஎஸ் கற்றுக்கொள்ளட்டுமா?
— கல்லூரி மாணவி, திண்டுக்கல்

நெக்ஸ்ட் ஜேஎஸ் வெப் ஆப் கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் ஃபிரேம்வொர்க். அதைக் கற்பதுதான் ஆசை என்றால் தாராளமாகச் செய்யுங்கள். கவிதை போடுவதுதான் நோக்கம் என்றால் வேண்டாம். எழுதி ஏற்றிவிட்டால் மாறாத பக்கங்களுக்கு டேட்டாபேஸ் எதற்கு? ஹியூகோ, எலெவன்டி இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மார்க்டவுனில் (எளிய குறிகளோடு எழுதும் முறை) எழுதி வைத்த கவிதைகளை அதுவே எச்டிஎம்எல் பக்கங்களாக்கித் தந்துவிடும். கிட்ஹப்பின் ஹோஸ்டிங் சேவையான கிட்ஹப் பேஜஸில் இலவசமாக ஏற்றலாம். ஒரு தளத்துக்கு 1 ஜிபி வரை அனுமதி உண்டு, வாழ்நாள் முழுக்கக் கவிதை எழுதினாலும் நிரம்பாது. சொந்தப் பெயரில் டொமைன் வேண்டுமென்றால் அதற்கு மட்டும் வருடா வருடம் பணம் கட்ட வேண்டும்.

அப்பாவின் ஹார்டுவேர் கடைக்குக் கடன் கணக்கு பார்க்க ஒரு வெப் ஆப் எழுதுகிறேன். கோர்ஸில் மெர்ன் ஸ்டாக்தான் சொல்லிக்கொடுத்தார்கள், அதில் டேட்டாபேஸ் மாங்கோடிபி. அது போதுமா?
— ஈரோடு வாசகர்

கோர்ஸில் என்ன சொல்லித்தந்தார்கள் என்பதை விடுங்கள், கடை நோட்டைத் திறந்து பாருங்கள். ஒரு வாடிக்கையாளர் 5,000 ரூபாய் கொடுக்கிறார். அதில் 3,200 ஒரு பழைய பில்லுக்கும் மீதி 1,800 இன்னொரு பில்லுக்கும் போகிறது. வரவு ஒரு பதிவு, பில் மாற்றம் இரண்டு. மூன்றும் ஒன்றாக நடக்க வேண்டும். நடுவில் கரண்ட் போனால் மூன்றுமே நடக்கக் கூடாது. அப்புறம், பில் பாக்கி இருக்கும் வாடிக்கையாளரை யாரும் தெரியாமல் அழித்துவிடவும் கூடாது. இதெல்லாம் அட்டவணைகளில் தகவல் வைக்கும் எஸ்க்யூஎல் டேட்டாபேஸ்களுக்குப் பிறவியிலேயே வந்த வேலை. மாங்கோடிபியிலும் 2018 முதல் பல ஆவணங்களை, அதாவது பதிவுகளை, ஒன்றாகச் சேர்த்து மாற்றும் டிரான்சாக்‌ஷன் உண்டு, ஆனால் அதற்குத் தகவலுக்கு நகல் வைக்கும் ஏற்பாடான ரெப்ளிக்கா செட் அமைக்க வேண்டும். ஒரு கடைக்கு அது வீண் வேலை.

என் ஓட்டு பைத்தான் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோவுக்கும், ஒரே ஃபைலில் அடங்கும் டேட்டாபேஸான எஸ்க்யூலைட்டுக்கும். ஜாங்கோ அமெரிக்காவின் கான்சாஸில் ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் பிறந்தது, 2005இல் வெளியே வந்தது. அவசரத்துக்குத் தளம் கட்டியவர்கள் செய்தது என்பதால் தகவல் பதியும் அட்மின் திரை கூடவே வருகிறது. முதல் வாரமே அப்பா அதில் பில் போட்டுப் பார்க்கலாம். அழகான முகப்பைப் பிறகு செய்துகொள்ளுங்கள்.

ஒன்று முக்கியம். தொகையை ஃப்ளோட்டில் (தசம எண் வகை) வைக்காதீர்கள். பிரவுசர் கன்சோலில் 0.1 + 0.2 என்று அடித்துப் பாருங்கள், 0.30000000000000004 என்று வரும். எல்லாவற்றையும் பைசாவாக்கி முழு எண்ணாகச் சேமித்துவிட்டால் தொல்லை இல்லை.

இலவச ஹோஸ்டிங்கில் ஜாங்கோவும் எஸ்க்யூலைட்டும் ஏற்றினேன். நேற்றுப் பதிந்த தகவல் இன்று காணோம்! ஹேக் செய்துவிட்டார்களா?
— சென்னை வாசகர்

அநேகமாக ஹேக் இல்லை. அத்தகைய பல சேவைகளில் டிஸ்க் நிலையானதல்ல. ஆப் மறுபடி தொடங்கும்போதெல்லாம் நீங்கள் ஏற்றிய பழைய நிலைக்கே திரும்பிவிடும், எஸ்க்யூலைட் ஃபைலும் அதோடு போகும். ஒன்று, போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் சர்வரைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். இல்லையேல் சிறிய விபிஎஸ் (நமக்கென ஒதுக்கிய மெய்நிகர் சர்வர்) ஒன்றை வாடகைக்கு எடுங்கள், அங்கே எஸ்க்யூலைட் ஜோராக ஓடும். எதுவானாலும் பேக்கப் உங்கள் கையில் இருக்கட்டும். இலவசத்தை நம்ப முடியாது, பிரபல ஹோஸ்டிங் சேவையான ஹெரோகுவே 2022 நவம்பரில் இலவசத் திட்டத்தை நிறுத்திவிட்டது.

ஆபீஸில் பிஎச்பி எழுதுகிறேன். சொந்தப் புராஜெக்டுக்கும் அதுவா என்று நண்பர்கள் சிரிக்கிறார்கள்.
— மதுரை வாசகர்

விக்கிப்பீடியா ஓடுவதே பிஎச்பியில்தான் என்று சொல்லுங்கள். லாராவெல் என்ற பிஎச்பி ஃபிரேம்வொர்க்கை எடுத்து எழுதுங்கள், அவர்கள் ஸ்டாக்கைத் தேடி முடிப்பதற்குள் உங்கள் தளம் வந்துவிடும்.

வட்டாரச் சொற்களுக்கு ஓர் அகராதித் தளம் செய்கிறேன். தமிழுக்கு ஏற்ற டேட்டாபேஸ் எது?
— நாகர்கோவில் ஆசிரியர்

சேமிப்பது எதிலும் பிரச்சினை இல்லை, வரிசைப்படுத்துவதில்தான் இடிக்கும். யூனிகோடில் ந-வை அடுத்து ன, ர-வை அடுத்து ற என்று எண் கொடுத்திருக்கிறார்கள். அந்த எண்படி அடுக்கினால் மறை, மலை, மழை என்று வரும். நம் அகராதி வரிசை மலை, மழை, மறை அல்லவா? எஸ்க்யூலைட் தானாக விட்டால் எண்படிதான் அடுக்கும். உங்களுக்கு போஸ்ட்கிரெஸ் நல்லது. அதன் 10ஆம் பதிப்பிலிருந்து ஐசியூ கொலேஷன், அதாவது மொழிக்கேற்ப வரிசைப்படுத்தும் விதி, இருக்கிறது. சொல் இருக்கும் நெடுவரிசைக்குத் (column) தமிழ் கொலேஷனைக் குறிப்பிட்டால் சரியாக வரும்.

தேடலிலும் ஒரு கண்ணி உண்டு. 'கொ' என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், தேடினால் ஒன்று அகப்படாது. எனவே சொல்லைச் சேமிக்கும் முன்பும், தேடல் பெட்டியில் அடித்ததைத் தேடும் முன்பும் என்எஃப்சி என்ற யூனிகோடின் ஒரே சீர் வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் ஒரு வரி வேலைதான்.