கையெழுத்து வாங்கியவருக்கா, கண்டுபிடித்தவருக்கா?

கேள்வி: பல வருடமாக வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல். பார்க்கிறேன். டிராஃப்டில் (இளம் வீரர்களை அணிகள் முறைவைத்துச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுப்பது) எடுத்த பையன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டான் என்று செய்தி வந்தால் போதும், அணிக்கு ஆட்களைச் சேர்க்கும் ஜெனரல் மேனேஜரை ரசிகர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள். இதில் அவருடைய சாமர்த்தியம் எவ்வளவு?

பதில்: அந்தக் கையெழுத்தை மட்டும் கணக்கில் எடுத்தால், மிகக் குறைவு. டிராஃப்டில் ஒருவரை எடுத்துவிட்டால் அவரோடு பேசும் உரிமை அந்த அணிக்குத்தான், அந்த உரிமை இருக்கும்வரை வேறு என்.எச்.எல். அணி குறுக்கே வர முடியாது. முதல் ஒப்பந்தம் எத்தனை வருடம் என்பதை வயதே முடிவு செய்துவிடும்: 18 முதல் 21 வரை என்றால் 3 வருடம், 22, 23 என்றால் 2, 24 என்றால் 1. சம்பளத்துக்கும் உச்சவரம்பு உண்டு. 2011 முதல் 2021 வரை டிராஃப்டில் எடுக்கப்பட்டவர்களுக்கு அது வருடத்துக்கு 9,25,000 டாலர், அதற்கடுத்த இரண்டு வருடத்துப் பையன்களுக்கு 9,50,000. பேரம் பேச மிஞ்சுவது போனஸும், எப்போது கையெழுத்து என்பதும்தான். முதல் சுற்றில் எடுத்த பையன் கையெழுத்துப் போடுவது வழக்கமாக நடக்கிற காரியம். நடக்காமல் போனால்தான் அது பெரிய செய்தி.

கீழ்ச் சுற்றுகளில் கொஞ்சம் மாறும். ஓர் அணி ஒரே நேரத்தில் 50 ஒப்பந்தங்களுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதால், ஐந்தாம் சுற்றுப் பையன் ஒருவனுக்கு இடம் கொடுத்தால் இன்னொருவனுக்கு இல்லை என்று சொல்ல வேண்டிவரும். அந்த முடிவு ஜெனரல் மேனேஜருடையது. பேரும் அவருக்கு, பழியும் அவருக்கு.

கேள்வி: டெட்ராய்ட் அணிக்காக டாட்சுக், சேட்டர்பெர்க் இருவரையும் கடைசிச் சுற்றுகளில் எடுத்த அப்போதைய ஜெனரல் மேனேஜர் கென் ஹாலண்ட் ஒரு மேதை என்கிறார் என் நண்பர். எனக்கு அது வெறும் அதிர்ஷ்டமாகத்தான் படுகிறது.

பதில்: பாவெல் டாட்சுக் 1998-ல் 171-வது ஆள். ஹென்ரிக் சேட்டர்பெர்க் 1999-ல் 210-வது ஆள். இவர்கள் இவ்வளவு பெரிய ஆட்டக்காரர்களாக வருவார்கள் என்று ஹாலண்டுக்குத் தெரிந்திருந்தால் அவ்வளவு நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாரா? டெட்ராய்ட்டே அந்த இரண்டு வருடமும் இவர்களுக்கு முன்னால் வேறு ஆட்களை எடுத்தது, அவர்களில் சிலருடைய பெயர் இன்று யாருக்கும் நினைவில்லை. அதனால் அதிர்ஷ்டம் நிச்சயமாக உண்டு.

ஆனால் அந்த அதிர்ஷ்டம் தானாக வந்து மடியில் விழவில்லை. டெட்ராய்ட்டுக்கு ஐரோப்பாவில் ஹோகன் ஆண்டர்சன் என்று ஒரு ஸ்கவுட், அதாவது இளம் வீரர்களைத் தேடிப் பார்க்கும் ஆள், இருந்தார். ரஷ்யாவில் வேறொரு பையனைப் பார்க்கப் போன இடத்தில்தான் டாட்சுக் அவர் கண்ணில் பட்டார். உடம்பு சிறியது, முந்தைய டிராஃப்டுகளில் எல்லா அணிகளும் எடுக்காமல் தாண்டிப் போன ஆள். அப்படி ஒருவரைப் பற்றி ஒரு ஸ்கவுட் வந்து சொல்லும்போது அதைக் காது கொடுத்துக் கேட்டு, ஆறாம் சுற்றிலாவது எடு என்று விடுவதற்கு ஒரு மேலிடம் வேண்டும் அல்லவா, ஹாலண்டின் பங்கு அங்கே இருக்கிறது. அப்புறம் பொறுமை. டாட்சுக் டெட்ராய்ட்டுக்கு ஆட வந்தது 2001-ல், சேட்டர்பெர்க் 2002-ல். மூன்று வருடம் அவர்களை அவசரப்படுத்தாமல் அவரவர் நாட்டிலேயே ஆடி வளர விட்டார்கள். கண்டுபிடித்த பெருமையை ஆண்டர்சனுக்குக் கொடுங்கள், காத்திருந்த பெருமையை ஹாலண்டுக்குக் கொடுங்கள். உங்கள் நண்பரும் இதை ஒப்புக்கொள்வார் என்று நினைக்கிறேன்.

கேள்வி: மினசோட்டாவுக்குக் கிரில் காப்ரிசோவைக் கொண்டுவந்தவர் பில் கெரின்தானே? பிறகு ஏன் அதை இன்னும் சர்ச்சையாகவே பேசுகிறார்கள்?

பதில்: ஏனென்றால் இந்த ஒரே வீரர் விஷயத்தில் மூன்று ஜெனரல் மேனேஜர்கள் வந்து போயிருக்கிறார்கள். 2015-ல் ஐந்தாம் சுற்றில் 135-வது ஆளாக அவரை எடுத்தபோது அந்த நாற்காலியில் இருந்தவர் சக் ஃப்ளெட்சர். 2018-ல் அவர் போனார், பால் ஃபென்டன் வந்தார், அடுத்த வருடமே அவரும் போனார், பிறகுதான் கெரின். காப்ரிசோவுக்கோ மாஸ்கோவில் சி.எஸ்.கே.ஏ. அணியோடு 2020 வரை ஒப்பந்தம் இருந்தது, அதனால் ஃப்ளெட்சரோ ஃபென்டனோ எவ்வளவு முயன்றாலும் அதற்கு முன்னால் ஆளைக் கூட்டி வந்திருக்க முடியாது. 2020 ஜூலையில் கையெழுத்து விழுந்தபோது கேமராவுக்கு முன்னால் இருந்தவர் கெரின். முன்னவர்கள் நட்ட மரத்தில் காய் பழுத்த நேரத்தில் அவர் வந்து நின்றார், அதில் தப்பு ஒன்றும் இல்லை.

அந்தக் கையெழுத்துக்கும் ஒரு விலை இருந்தது, அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இரண்டு வருட ஒப்பந்தம் அது, அதில் முதல் வருடம் ஏறக்குறைய முடிந்துபோயிருந்த 2019-20 சீசன். ஒரு ஆட்டம்கூட ஆடாமலே ஒரு வருடம் கழிந்தது. 2021-ல் சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் கோப்பையை வாங்கிய கையோடு புது ஒப்பந்தம் கேட்டு அவர் வந்து நிற்க, 5 வருடத்துக்கு 4.5 கோடி டாலர் கொடுக்க வேண்டியிருந்தது. 2025-ல் 8 வருடத்துக்கு 13.6 கோடி. கெரினை நான் மதிப்பது இந்த இரண்டு ஒப்பந்தங்களுக்காகத்தான். இந்த இரண்டு தடவையும் காப்ரிசோவ் பக்கம் கை ஓங்கியிருந்தது, தன் விலை அவருக்குத் தெரிந்திருந்தது, அப்படிப்பட்ட ஆளை இருக்க வைப்பது 2020-ல் வாங்கிய கையெழுத்தைவிடப் பல மடங்கு கடினமான வேலை.

கேள்வி: முதல் இடத்தில் எடுக்கும் வீரருக்காக ஜெனரல் மேனேஜரைப் பாராட்டலாமா?

பதில்: வேண்டாம். 2015 ஏப்ரலில், டிராஃப்டில் முதலில் எடுப்பது யார் என்று குலுக்கிப் பார்க்கும் லாட்டரியில் எட்மன்டனுக்கு முதல் இடம் விழுந்தது, சில நாள் கழித்துத்தான் பீட்டர் சியாரெல்லி அங்கே பொறுப்புக்கு வந்தார். ஜூனில், எல்லோரும் முதல் ஆளாக எதிர்பார்த்த கானர் மெக்டேவிட்டின் பெயரைச் சொல்ல யாராலும் முடிந்திருக்கும்.

கேள்வி: டிராஃப்டில் எடுத்த பையன் கையெழுத்துப் போட மறுத்தால் அது ஜெனரல் மேனேஜரின் தோல்வியா?

பதில்: எப்போதும் இல்லை. ஜிம்மி வீசியை நாஷ்வில் 2012-ல் மூன்றாம் சுற்றில் எடுத்தது. ஹார்வர்டில் நான்கு வருடம் முடித்துவிட்டு, 2016-ல் கல்லூரி ஹாக்கியின் மிகப் பெரிய விருதான ஹோபி பேக்கரும் வாங்கிவிட்டு, நாஷ்வில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எடுத்த அணியின் உரிமை காலாவதியானதும் எந்த அணியோடும் பேசலாம் என்று விதி அனுமதித்தது. அந்த ஆகஸ்டில் பல அணிகள் அவர் பின்னால் ஓடின, நியூயார்க் ரேஞ்சர்ஸ் ஜெயித்தது. ஆனால் வீசி அங்கே பெரிய நட்சத்திரமாக வரவில்லை. ஒரு கையெழுத்துக்காக ஊரே ஓடியது என்பதை வைத்து மட்டும் ஆளை எடை போட முடியாது.

இதே ரேஞ்சர்ஸுக்கு ஆடம் ஃபாக்ஸ் வந்த கதையும் இதையொட்டியதுதான். கால்கரி எடுத்தது, கரோலைனாவுக்குக் கைமாறியது, கடைசியில் 2019-ல் நியூயார்க் போனார், 2021-ல் சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நாரிஸ் கோப்பை வாங்கினார். அவர் நியூயார்க்காரர், அங்கே ஆடவே விரும்பினார். அந்தப் பெருமையில் ஒரு பெரிய பங்கு நகரத்துக்குச் சேரும்.

ஆர்டெமி பனாரின் மாதிரியான வீரர் என்றால் என் கணக்கே வேறு. அவரை டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை, எந்த அணியும் போய்க் கேட்டிருக்கலாம், 2015-ல் அவரைக் கொண்டுவந்தது சிகாகோ. அடுத்த வருடமே கால்டர். அதற்கு அப்போதைய சிகாகோ ஜெனரல் மேனேஜர் ஸ்டான் பௌமனுக்கு முழுப் பாராட்டு உண்டு. 2017-ல் அதே பனாரினைக் கொலம்பஸுக்கு அனுப்பியவரும் அவர்தான் என்பதால் அதற்கான பழியும் உண்டு.

கேள்வி: சரி, அப்படியானால் எதைப் பார்த்துத்தான் ஒரு ஜெனரல் மேனேஜரைப் பாராட்டுவது?

பதில்: நான் இரண்டாவது ஒப்பந்தத்தைப் பார்ப்பேன். நியூஜெர்சியில் டாம் ஃபிட்ஸ்ஜெரால்ட் 2021 நவம்பரில் ஜாக் ஹியூஸுக்கு 8 வருடம், 6.4 கோடி டாலர் கொடுத்தார். அப்போது ஹியூஸ் ஆடியிருந்தது 119 ஆட்டம், எடுத்தது 55 புள்ளி (கோலும், கோலுக்கு உதவியதும் சேர்த்து), தோள்பட்டைக் காயத்திலிருந்து அன்றைக்குத்தான் திரும்பியிருந்தார். அதிகம் கொடுத்துவிட்டார் என்று பேசினார்கள். 2022-23 சீசனில் ஹியூஸ் 99 புள்ளி எடுத்தார், வருடத்துக்கு 80 லட்சம் என்பது பிறகு மலிவான விலையாகிவிட்டது. ஹியூஸை டிராஃப்டில் எடுத்தவர் அவருக்கு முன்னால் இருந்த ரே ஷெரோ. ஆனால் அந்த நம்பிக்கை வைத்தது ஃபிட்ஸ்ஜெரால்ட்.

எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டுமா? எட்மன்டன் 2019-ல் 8-வதாக ஃபிலிப் புரோபெர்கையும் 2020-ல் 14-வதாக டிலன் ஹாலோவேயையும் முதல் சுற்றில் எடுத்து, வருடக்கணக்கில் வளர்த்தது. எடுத்தபோது அங்கே ஜெனரல் மேனேஜராக இருந்தவர், டெட்ராய்ட் கதையில் பார்த்த அதே ஹாலண்ட். 2024 ஆகஸ்டில் முதல் ஒப்பந்தம் முடிந்து அடுத்தது போடாமல் இருந்த நேரத்தில், செயின்ட் லூயிஸின் டக் ஆம்ஸ்ட்ராங் இருவருக்கும் ஒரே நாளில் ஆஃபர் ஷீட், அதாவது வேறு அணியின் வீரருக்கு நேரடியாகத் தரும் ஒப்பந்தம், நீட்டினார். அதே தொகையைக் கொடுத்து இருவரையும் வைத்துக்கொள்ள எட்மன்டனுக்கு 7 நாள் இருந்தது, அணியின் மொத்தச் சம்பள வரம்பில் இடம் இல்லை, இருவரையும் விட்டார்கள், ஈடாக டிராஃப்டில் இரண்டாம் சுற்றில் ஓர் ஆளையும் மூன்றாம் சுற்றில் ஓர் ஆளையும் எடுக்கும் வாய்ப்புகள் கிடைத்தன. அப்போது எட்மன்டன் பொறுப்புக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகாதவர், மேலே சொன்ன அதே பௌமன். அடுத்த சீசனில் ஹாலோவே செயின்ட் லூயிஸுக்காக 26 கோல் அடித்தார்.