திருகாணி முதலாளியும் குழாய்த் தண்ணீரும்

அன்புள்ள ஐயா,

என் தாய்மாமா கப்பலூரில் போல்ட், திருகாணி செய்யும் பட்டறை வைத்திருக்கிறார். அடுத்த மாநகராட்சித் தேர்தலில் எங்கள் வார்டில் நிற்கப் போகிறார். நூற்றைம்பது வருடம் முன்பு இங்கிலாந்தின் பிர்மிங்காமில் திருகாணி ஆலை நடத்தி, மேயராகி, பிறகு மந்திரியாகவும் ஆன ஜோசப் சேம்பர்லினைப் பற்றிப் படித்தேன். முதலாளிகள் அரசியலுக்கு வந்தால் ஊருக்கு நல்லதா? தென்னாப்பிரிக்காவில் டச்சு வம்சாவளிக் குடியேறிகளோடு பிரிட்டன் நடத்திய போயர் போரில் பங்குள்ளவரை முன்மாதிரியாகச் சொல்லலாமா? “அதெல்லாம் வெள்ளைக்காரன் ஊரில் சுலபம், மதுரையில் நடக்காது” என்கிறார் அப்பா.

ச., செல்லூர்

அன்புள்ள ச.,

மாமா தாராளமாக நிற்கட்டும். ஆனால் பட்டறையை வேறு யார் கையிலாவது ஒப்படைத்துவிட்டு நிற்கட்டும். சேம்பர்லின் 1873-இல் மேயரானார், அடுத்த வருடமே தொழிலை விட்டு வெளியே வந்துவிட்டார். போயர் போர் அவர் பெயரில் உள்ள தீராத கறை. காலனிகளுக்கான மந்திரியாக அவர் இருந்தபோதுதான் பிரிட்டிஷ் ராணுவம் அடைத்துவைத்த முகாம்களில் போயர் பெண்களும் குழந்தைகளும் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். அதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

அப்பா சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எதை வைத்துச் சுலபம் என்கிறார்? அன்றைய பிர்மிங்காமில் குழாய்த் தண்ணீர் ஒரு தனியார் கம்பெனியின் கையில் இருந்தது. வாரத்தில் மூன்று நாள்தான் வரும். மற்ற நாளில் தண்ணீர் வண்டி, இல்லாவிட்டால் சாக்கடை கலந்த கிணறு. ஊரில் பாதிப் பேருக்கு எப்போதுமே கிணறுதான். செல்லூரில் இருந்துகொண்டு இதைப் படித்த உங்களுக்கு ஒன்றுமே தோன்றவில்லையா தம்பி?

கோடையில் எங்கள் தெருவுக்கு லாரித் தண்ணீர் வரும். எங்கள் குடத்தின் கழுத்தில் அம்மா சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பெருக்கல் குறி போட்டிருப்பார். விடியும் முன்பே அது வரிசையில் இருக்கும். ஒரு குடம் முன்னே நகர்ந்துவிட்டால் போதும், சண்டைதான். யாரிடமும் அதிர்ந்து பேசாத அம்மா அந்த லாரிக்கு முன்னால் மட்டும் கத்துவார். வீட்டுக்கு வந்து அதற்காக அழுவார். தண்ணீருக்காக ஒரு பெண்ணை அப்படி ஆக்கிய நிர்வாகத்தை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

அதனால்தான் சேம்பர்லினிடம் நான் பிடித்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு விஷயம். 1875-இல், விளக்கெரிக்க கேஸ் விற்ற ஊரின் இரண்டு கம்பெனிகளையும் நகரசபைக்கு வாங்கினார். முதல் வருடமே 34,000 பவுண்டு லாபம். அடுத்து 1876-இல் தண்ணீர்க் கம்பெனியையும் வாங்கினார். அதே மனிதர்தான், ஆனால் இங்கே கணக்கை மாற்றிப் போட்டார். கேஸில் லாபம் வரட்டும், அது ஊர்ச் செலவுக்கு ஆகும். தண்ணீர் ஊரின் ஆரோக்கியம், அதில் லாபம் பார்க்கவே கூடாது, மிச்சம் வந்தால் தண்ணீர் விலையைக் குறைக்க வேண்டும் என்றார். லாபம் பார்த்தே வளர்ந்த முதலாளி சொன்னது இது! எதில் லாபம் பார்க்கலாம், எதில் கூடாது என்று பிரிக்கத் தெரிந்திருந்தது. நீங்களோ முதலாளி நல்லவரா கெட்டவரா என்று கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்வியை மூட்டை கட்டி வையுங்கள்.

மாமாவிடம் இதைக் கேளுங்கள். அவர் வார்டில் எந்தெந்தத் தெருவுக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது, எத்தனை மணிக்கு வருகிறது, கடைசி வீடு வரை ஏறுகிறதா? பார்க்காமல் சொல்லத் தெரிந்தால் எனக்கு எழுதுங்கள். அவருக்காக ஓட்டுக் கேட்டு நானும் வருகிறேன்.