கணினிக் கேள்வி நேரம்: ஊரோடு ஒட்டாத பில்லிங் ஜன்னல்

ஐயா, ஈரோட்டில் இரண்டு ஜவுளிக் கடைகளுக்கு பைதான் மொழியும், ஜன்னல், பட்டன் எல்லாம் வரைந்து தரும் கியூட் 5 தொகுப்பும் வைத்து பில்லிங் மென்பொருள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கடைக் கம்ப்யூட்டர்கள் பழசு, விண்டோஸ் 11 ஏறாது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்ததால் லினக்ஸுக்கு மாறி, ஒரு கடையில் உபுண்டு 24.04, இன்னொன்றில் குபுண்டு 24.04 போட்டோம். மென்பொருள் ஓடுகிறது, ஆனால் பார்க்க ஒட்டவே இல்லை. உபுண்டுவில் என் ஐகானுக்குப் பதில் பல்சக்கரம் தெரிகிறது. குபுண்டுவில் ஃபைல் திறக்கும் ஜன்னல் வேறு எதுவோ போல இருக்கிறது. தமிழ் எழுத்துகள் கட்டத்துக்குள் வெட்டுப்படுகின்றன. ஸ்டைல்ஷீட் (நிறம், பார்டர் எல்லாம் எழுதும் குறிப்பு) போட்டு பட்டன்களை உபுண்டு நிறத்துக்கு மாற்றிவிடலாமா?
— ஈரோடு வாசகர்

வேண்டாம். அதைச் செய்து சூடு பட்டவன் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு அலுவலகத்துக்குப் பதிவேட்டு மென்பொருள் எழுதினேன். என் கணினியில் இருந்த தீமைப் பார்த்துப் பார்த்து, பட்டனின் மூலை வளைவு வரைக்கும் இரண்டு வாரம் இழைத்தேன். நிறுவிய மறுநாள் அங்கிருந்து போன்: "சார், டைப் அடிக்கிறேன், எதுவுமே விழ மாட்டேங்குது." போய்ப் பார்த்தால் அவர் இருட்டுத் தீம் வைத்திருந்தார். கட்டத்தின் பின்னணிக்கு வெள்ளை என்று நான் எழுதியிருந்தேன், எழுத்தின் நிறத்தை மட்டும் கணினியின் பொறுப்பில் விட்டிருந்தேன். வெள்ளையில் வெள்ளை. எழுத்து விழுந்துகொண்டுதான் இருந்தது!

உங்கள் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. எதைப் பார்த்து வேஷம் போடுவீர்கள்? லினக்ஸில் இரண்டு குடும்பங்கள். நார்வேயின் ட்ரோல்டெக் நிறுவனம் உருவாக்கிய கியூட்டின் மேல் 1996-இல் கேடிஇ என்ற டெஸ்க்டாப் தொடங்கியது. கியூட்டின் அன்றைய உரிமம் முழுச் சுதந்திரம் தரவில்லை என்று வேறொரு கூட்டம் 1997-இல் க்னோம் என்ற டெஸ்க்டாப்பை ஆரம்பித்தது. அவர்கள் எடுத்துக்கொண்டது, கிம்ப் என்ற பட மென்பொருளுக்காக எழுதப்பட்ட, கியூட் போன்ற ஜிடிகே தொகுப்பு. அந்தப் பங்காளிச் சண்டை எப்போதோ ஆறிவிட்டது, ஆனால் வீடு இன்னும் இரண்டுதான். உபுண்டு க்னோம் வீடு, குபுண்டு கேடிஇ வீடு. ஒரு வீட்டு நிறத்தைப் பூசிக்கொண்டு மற்ற வீட்டில் போய் நின்றால் இப்போது இருப்பதைவிட மோசமாகத் தெரியும்.

ஆகவே பூசாதீர்கள், பூசியிருந்தால் சுரண்டுங்கள். பட்டனுக்கு பின்னணி, பார்டர் என்று ஸ்டைல்ஷீட்டில் ஏதாவது எழுதினாலே அந்த இடத்தில் கியூட் சொந்த ஸ்டைலை விட்டுவிடும். நிறம் வேண்டியே ஆக வேண்டும் என்றால் கணினியின் தீம் தரும் நிறப் பட்டியலான பேலட்டிலிருந்து கேளுங்கள்.

அப்புறம் குபுண்டு. நீங்கள் பிப் என்ற பைதான் நிறுவி வழியாக, பைதானுக்கான கியூட்டான பைக்யூட்டை நிறுவியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பிப் தன் மூட்டையிலேயே ஒரு தனி கியூட்டைக் கொண்டு வருகிறது. குபுண்டுவின் ப்ரீஸ் ஸ்டைலும் அதன் ஃபைல் ஜன்னலும் கணினியில் ஏற்கெனவே இருக்கும் கியூட்டோடு சேர்ந்தவை, மூட்டைக்குள் இருப்பதற்கு அவை தெரியாது. பிப்பில் போட்டதை நீக்கிவிட்டு, உபுண்டு, குபுண்டுவின் சொந்த நிறுவியான ஆப்ட் வழியாக, அவையே தரும் பைக்யூட் 5-ஐ நிறுவிப் பாருங்கள். ஒரு வரி கோடு மாற்றாமலே முக்கால்வாசிப் புகார் தீரும். குபுண்டு 24.04-இல் இருக்கும் பிளாஸ்மா (கேடிஇயின் டெஸ்க்டாப்) கியூட் 5-இல் எழுதியது, உங்களுக்கு அது வசதி. பிளாஸ்மா 6-க்குப் போகும்போது நீங்களும் கியூட் 6-க்கு மாறிவிடுங்கள்.

பல்சக்கரத்துக்குக் காரணம் வேறு. விண்டோஸில் ஐகானை இஎக்ஸ்இ ஃபைலுக்குள்ளேயே பொதிந்திருப்பீர்கள். லினக்ஸ் அங்கே தேடாது. வீட்டு ஃபோல்டருக்குள் டாட் லோக்கல் (பெயர் புள்ளியில் தொடங்கும்), ஷேர், அப்ளிகேஷன்ஸ் என்ற வழியில் ஒரு டெஸ்க்டாப் ஃபைல் எழுதி வையுங்கள். மென்பொருளின் பெயர், ஓட்டும் கட்டளை, ஐகானின் பெயர், அவ்வளவுதான். அந்த ஃபைலின் பெயரை செட் டெஸ்க்டாப் ஃபைல் நேம் என்ற கியூட் ஃபங்ஷனில் கொடுங்கள். திரை ஓரத்து ஐகான் வரிசையான டாக்கில் நிற்கும் ஜன்னல் யாருடையது என்று க்னோமுக்கு அப்போதுதான் தெரியும்.

நீங்கள் கேட்காத ஒன்று, எனக்கு முக்கியமாகப் படுவது. விண்டோஸிலும் கேடிஇயிலும் 'சரி' முதலில், 'ரத்து' அடுத்து. க்னோமில் செய்து முடிக்கும் பட்டன் வலது ஓரத்தில். நீங்களே இரண்டு பட்டனை வரிசையாக வைத்திருந்தால் ஏதோ ஒரு கடையில் அது இடம் மாறித்தான் நிற்கும். கல்லாவில் இருப்பவர் கண் ரூபாய் நோட்டில், கை மவுஸில். பழகிய இடத்தில் தட்டுவார், பில் போய்விடும். கியூட்டின் டயலாக் பட்டன் பாக்ஸைப் பயன்படுத்தினால் அந்தந்த வீட்டு வழக்கப்படி கியூட்டே அடுக்கிக்கொள்ளும். பட்டனின் மேல் 'சரி' என்பதற்குப் பதில் 'பில்லை அழி' என்றே எழுதிவிடுங்கள்.

வெட்டுப்படும் தமிழுக்கு: கோடில் 'லதா' அல்லது 'நிர்மலா யூஐ' என்று தேடுங்கள். இரண்டும் விண்டோஸின் எழுத்துருக்கள். லினக்ஸ் அவற்றுக்குப் பதில் நோட்டோ, லோஹித் என்று இருப்பதைப் போட்டுக்கொள்ளும், உயரம் மாறும். கட்டத்துக்கு நீங்கள் 22 பிக்சல் என்று அளந்து வைத்திருந்தால் 'கு', 'ழு' எல்லாம் கால் இழந்துதான் நிற்கும். எழுத்துருப் பெயரையும் பிக்சலையும் தூக்கிவிட்டு, அளவைக் கியூட்டின் லேஅவுட்டிடம் விடுங்கள்.

டிகேஇன்டரில் (பைதானின் இன்னொரு ஜன்னல் தொகுப்பு) செய்த என் திட்டம் லினக்ஸில் பழங்காலத்து மென்பொருள் போல இருக்கிறது. தமிழும் உடைகிறது. என்ன செய்ய?
— திண்டுக்கல், கல்லூரி மாணவி

தோற்றத்துக்கு அதிலேயே இருக்கும் டிடிகே விட்ஜெட்டுகளுக்கு (புது பாணிப் பட்டன், கட்டங்கள்) மாறி, 'கிளாம்' தீமைப் போடுங்கள், ஓரளவு தேறும். தமிழுக்கு வழி இல்லை அம்மா. லினக்ஸில் டிகேஇன்டருக்கு அடியில் இருக்கும் டிகே 8.6 எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்காது, வந்த வரிசையிலேயே அடுக்கும். 'கெ' என்றால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். தமிழ் வேண்டுமென்றால் ஜிடிகே அல்லது கியூட். திட்டம் சமர்ப்பிக்க ஒரு மாதமாவது இருந்தால் இன்றே மாறிவிடுங்கள்.

கோடு எழுதும் மென்பொருளான விஎஸ் கோடு எந்த லினக்ஸோடும் ஒட்டவில்லை. அதை யாரும் குறை சொல்வதில்லையே?
— மதுரை வாசகர்

நான் சொல்கிறேனே! ஆனால் ஒன்று கவனித்தீர்களா? வலைப்பக்கம் போல மென்பொருள் எழுதும் எலக்ட்ரானில் எழுதிய அதில்கூட ஃபைல் திறக்கப் போனால் வருவது கணினியின் சொந்த ஜன்னல்தான்.