மகள் புராடக்ட் மேனேஜர் ஆக ஆசைப்படுகிறாள், எம்பிஏ சேர்க்கலாமா?

அம்மா, உங்கள் கடிதம் கிடைத்தது. கேம்பஸில் சாஃப்ட்வேர் எழுதும் டெவலப்பர் வேலை கிடைத்தும் மகள் அதை வேண்டாம் என்கிறாள், புராடக்ட் மேனேஜர்தான் ஆவேன் என்கிறாள், கடன் வாங்கி உடனே எம்பிஏ சேர்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில்: கிடைத்த வேலையில் சேரட்டும். ஆசையையும் விட வேண்டாம், புராடக்ட் மேனேஜர் வேலைக்குள் நுழையும் வாசலே இந்த டெவலப்பர் வேலைதான்.

மேனேஜர் என்றதும் கீழே பத்துப் பேர் வேலை செய்வார்கள் என்று வீட்டில் நினைக்கிறோம். பெரிய வங்கி, இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் டெக்னாலஜி பிரிவில் பெரும்பாலும் அப்படி இல்லை. டெவலப்பர்கள் வேறொருவருக்குத்தான் ரிப்போர்ட் செய்வார்கள். ஒரு ஆப்பிலோ சேவையிலோ எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது என்று முடிவெடுத்து, அதற்கு எல்லோரையும் சம்மதிக்க வைப்பதுதான் புராடக்ட் மேனேஜரின் வேலை. உத்தரவு போட முடியாது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். கார்டிலிருந்து மாதாமாதம் தானாகப் பணம் கழிவதற்கு 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் புதிய விதி முழுமையாக அமலுக்கு வந்தது. பணம் எடுக்க 24 மணி நேரம் முன்பே வாடிக்கையாளருக்குத் தகவல் போக வேண்டும். 5,000 ரூபாயைத் தாண்டினால் ஒவ்வொரு முறையும் ஓடிபி வேண்டும் என்று அப்போது இருந்தது. (2022 ஜூனில் இந்த வரம்பு 15,000 ஆனது.) இப்போது ஒரு வங்கியின் புராடக்ட் மேனேஜர் இடத்தில் மகளை வைத்துப் பாருங்கள். மாதாமாதம் பணம் எடுத்துக்கொள்ளச் சொல்லி வாடிக்கையாளர்கள் ஏற்கெனவே பதிவு செய்த பழைய கட்டளைகளை என்ன செய்வது? அந்த எஸ்எம்எஸ்ஸில் என்ன எழுதினால் அறுபது வயதுக்காரருக்கும் புரியும்? அவர் ஓடிபி போடாமல் விட்டு இன்ஷூரன்ஸ் பிரீமியம் நின்றுபோனால்? சட்டப் பிரிவு ஒன்று சொல்லும், கால் சென்டர் வேறு சொல்லும், மார்க்கெட்டிங்கோ தீபாவளி ஆஃபரை முதலில் முடியுங்கள் என்று நிற்கும். விதி அமலாகும் தேதியை மட்டும் அவளால் நகர்த்த முடியாது.

இதைப் படித்து அவள் முகம் மலர்ந்தால் அவளுக்கு ஏற்ற வேலைதான். ஆனால் பொறுமை வேண்டும். பழைய சிஸ்டங்களில் சின்ன மாற்றத்துக்கே மாதக்கணக்கில் ஆகும். வெளிநாட்டுக் கம்பெனியின் சென்னை அலுவலகம் என்றால் சாயங்கால நேர ஃபோன் மீட்டிங்குகளும் இருக்கும்.

படித்து முடித்தவுடனே இந்தப் பதவி கொடுக்கும் திட்டங்கள் உண்டு. கூகுள் 2002-லேயே அப்படி ஒன்றைத் தொடங்கியது. இடங்கள் மிகக் குறைவு, முயற்சி செய்யட்டும், அதையே நம்பி உட்கார வேண்டாம். இரண்டு மூன்று வருடம் டெவலப்பராகவோ, என்ன தேவை என்று கேட்டு டெவலப்பர்களுக்கு எழுதித் தரும் பிசினஸ் அனலிஸ்ட்டாகவோ இருந்து, அதே கம்பெனிக்குள் மாறுவது வெளியிலிருந்து நுழைவதைவிட எளிது. அதற்குள் டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல் கற்றுத் தேவையான டேட்டாவைத் தானே எடுக்கப் பழகட்டும். வாடிக்கையாளர் புகார்களை நேரடியாகப் படிக்கட்டும். எம்பிஏ அப்புறம் பார்க்கலாம், அதுவும் நல்ல கல்லூரியில் கிடைத்தால் மட்டும். 'சேர்ந்தால் புராடக்ட் மேனேஜர் வேலை நிச்சயம்' என்று லட்சங்களில் கேட்கும் சர்ட்டிபிகேட் கோர்ஸ் எதற்கும் தயவுசெய்து பணம் கட்டாதீர்கள்.

இந்த வாரமே அவள் ஒன்று செய்யலாம். ரயில் டிக்கெட் போடும்போது பணம் போய் டிக்கெட் வராமல் நிற்கும் அந்த நிமிடத்தை எடுத்துக்கொள்ளட்டும். திரையில் அப்போது என்ன காட்ட வேண்டும், யாருக்கு அது உதவும், உதவியதா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று ஒரே பக்கத்தில் எழுதட்டும். எழுதியதை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், படித்துவிட்டு அவளிடமே பேசுகிறேன்.