தலைப்பில் ‘தாக்கம்’ வேண்டாம்: விஸ்காம், இதழியல் மூன்றாம் ஆண்டு ப்ராஜெக்ட் கேள்வி பதில்

கேள்வி (கோவை, விஸ்காம் மாணவி): அக்கா, ‘கல்லூரி மாணவியரிடம் இன்ஸ்டாகிராம் ரீல்ஸின் தாக்கம்’ என்று தலைப்பு கொடுத்திருக்கிறேன். கூகுள் ஃபார்ம் அனுப்பி 100 பேரிடம் பதில் வாங்கினால் போதுமா?

பதில்: முதலில் ‘தாக்கம்’ என்ற சொல்லை எடுத்துவிடும்மா. ஒரே ஒரு முறை கேட்கும் சர்வேயில் இரண்டு விஷயங்கள் சேர்ந்து வருகின்றனவா என்று மட்டும்தான் தெரியும். அதிகம் ரீல்ஸ் பார்ப்பதால் தூக்கம் கெட்டதா, தூக்கம் வராதவர்தான் ரீல்ஸ் பார்க்கிறாரா என்பதை அந்த 100 பதில்கள் சொல்லாது. தாக்கம்தான் வேண்டுமென்றால் சோதனை முறைக்குப் போக வேண்டும். குலுக்கல் போட்டு இரண்டு குழுவாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் வெவ்வேறு ரீல்ஸ் காட்டி, பிறகு அளக்க வேண்டும். மூன்று மாதத்தில் முடிவது ‘ரீல்ஸ் பயன்பாடும் அதன் காரணங்களும்’. 1970களில் காட்ஸ், ப்ளம்லர், குரெவிச் முன்வைத்த பயன்பாடு–நிறைவுக் கோட்பாடு (மக்கள் எந்தத் தேவைக்காக ஊடகத்தைப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்ப்பது) இதற்கு அப்படியே பொருந்தும்.

ஃபார்மில் ‘நீங்கள் அதிகம் ரீல்ஸ் பார்ப்பீர்களா?’ என்று கேட்காதே. ஒருவருக்கு அதிகம் என்பது 20 நிமிடம், இன்னொருவருக்கு நான்கு மணி நேரம். போனிலேயே ஸ்கிரீன் டைம் கணக்கு இருக்கிறது. அதைத் திறந்து, கடந்த ஏழு நாட்களின் சராசரியைப் பார்த்து எழுதச் சொல். பத்து பேரிடம் முன்சோதனை செய்யாமல் லிங்க்கை வெளியே விடாதே. பாதியில் கேள்வியை மாற்றினால் அதுவரை வந்த பதில்களையும் பின்னால் வருபவற்றையும் ஒன்றாகச் சேர்க்க முடியாது.

கேள்வி (மதுரை, இதழியல் மாணவர்): அக்கா, தினத்தந்தி, இந்து தமிழ் திசை இரண்டிலும் ஆறு மாதச் சுற்றுச்சூழல் செய்திகளை உள்ளடக்கப் பகுப்பாய்வு (செய்திகளை வகைப்படுத்தி எண்ணுவது) செய்கிறேன். எல்லா இதழையும் படிக்க வேண்டுமா? கோட்புக்கில் (வகைப்படுத்தும் விதிகளின் தொகுப்பில்) என்னென்ன இருக்க வேண்டும்?

பதில்: எல்லாம் வேண்டாம் தம்பி. தொடர்ச்சியாக ஒரு வாரத்தை எடுப்பதும் தப்பு. அந்த வாரம் பெருமழை பெய்தால் பத்திரிகை முழுக்க வெள்ளச் செய்தியாகவே இருக்கும். ‘கட்டமைத்த வாரம்’ எடுங்கள். ஆறு மாதத்தில் வரும் 26 திங்கட்கிழமைகளையும் எழுதி அதிலிருந்து இரண்டைக் குலுக்கி எடுங்கள், பிறகு செவ்வாய், புதன் என ஞாயிறு வரை. ஒரு பத்திரிகைக்கு 14 இதழ், இரண்டுக்கும் ஒரே தேதிகள், மொத்தம் 28. ஆறு மாத நாளிதழுக்கு ஒரு கட்டமைத்த வாரமே போதும் என்று ரிஃப், ஆஸ்ட், லேசி 1993ல் சோதித்துக் காட்டினார்கள். நீங்கள் எடுப்பது இரண்டு, தாராளம். ஆனால் காவிரித் தீர்ப்பு மாதிரி ஒரே நிகழ்வை ஆராய்வதாக இருந்தால் இந்த முறை உதவாது. அங்கே நிகழ்வை ஒட்டிய நாட்களின் எல்லா இதழ்களும் வேண்டும்.

எந்தப் பதிப்பு என்று எழுதுங்கள். மதுரைப் பதிப்பும் சென்னைப் பதிப்பும் ஒன்றல்ல, மாவட்டப் பக்கங்கள் மாறும். பண்டிகையை ஒட்டி இதழ் வராத தேதி குலுக்கலில் விழுந்தால் அதே கிழமையில் இன்னொன்றைக் குலுக்குங்கள். இ-பேப்பர் பக்கங்களை அன்றன்றே சேமித்துவிடுங்கள், வைவா அன்று பழைய லிங்க் திறக்கும் என்று நம்ப முடியாது.

கோட்புக்கில்தான் பெரும்பாலான ப்ராஜெக்ட்கள் விழுகின்றன. செமெட்கோ, வால்கென்பர்க் 2000ல் தந்த ஐந்து சட்டகங்கள், அதாவது செய்தி சொல்லப்படும் கோணங்கள் (முரண்பாடு, மனித உணர்வு, பொறுப்பு, ஒழுக்கம், பொருளாதார விளைவு) பெயரளவில் எளியவை. பேப்பரைக் கையில் எடுத்ததும்தான் சிக்கல். ‘கண்மாயில் கலக்கும் கழிவுநீர்: அதிகாரிகள் கண்டுகொள்வார்களா?’ என்று ஒரு தலைப்பு வருகிறது என்று வையுங்கள். இது பொறுப்புச் சட்டகமா? ஒரு கோடர் (விதிப்படி செய்தியை வகைப்படுத்துபவர்) ஆம் என்பார். இன்னொருவர், செய்திக்குள் ஊர்மக்கள் அவதி மட்டும்தான் இருக்கிறது, மனித உணர்வு என்பார். விதியை முன்கூட்டியே எழுதி வையுங்கள்: ‘தலைப்பிலோ முதல் இரண்டு பத்தியிலோ ஒரு துறை, அதிகாரி அல்லது நிறுவனம் இதற்குக் காரணம் என்றோ, சரிசெய்ய வேண்டியவர் என்றோ குறிப்பிடப்பட்டால் 1, இல்லையேல் 0. கேள்விக்குறித் தலைப்பும் குறிப்பிட்டதாகவே கொள்ளப்படும். யாரிடம் என்று சொல்லாமல் “நடவடிக்கை எடுக்கக் கோரிக்கை” என்று மட்டும் இருந்தால் 0.’ ஒவ்வொரு மாறிக்கும் இப்படி ஒரு விதி, ஒரு 1 உதாரணம், ஒரு 0 உதாரணம். பெட்டிச் செய்தி தனிச் செய்தியா, படத்துக்குக் கீழ் உள்ள வரி கணக்கா என்பதையும் அதிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி (திருச்சி): ‘டிவி விவாத நிகழ்ச்சிகளின் தாக்கம்’ எடுக்கலாமா மேடம்?

பதில்: கோவை மாணவிக்குச் சொன்ன முதல் பத்தியைப் படியுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர், இதழியல் மாணவி): நானும் தோழியும் 100 செய்திகளைத் தனித்தனியாகக் கோட் செய்தோம். பொறுப்புச் சட்டகத்தில் 90 சதவீதம் ஒத்துப்போகிறது. அப்படியே எழுதிவிடலாமா?

பதில்: சதவீதம் மட்டும் போதாது. அந்த 100ஐ நான்கு கட்டமாகப் பிரித்துப் பாரும்மா. இருவரும் 1 போட்டவை எத்தனை, இருவரும் 0 போட்டவை எத்தனை?

(தஞ்சாவூர்): இருவரும் 1 போட்டது 5, இருவரும் 0 போட்டது 85. நான் மட்டும் 1 போட்டது 5, அவள் மட்டும் 5.

பதில்: இருவருமே 10 செய்திக்கு 1 போட்டிருக்கிறீர்கள். படிக்காமல் கண்ணை மூடி அதே விகிதத்தில் போட்டிருந்தாலும் 0.1 × 0.1 + 0.9 × 0.9 = 0.82 ஒத்துப்போயிருக்கும். இந்தத் தற்செயல் ஒப்பைக் கழித்து அளக்கும் கோஹனின் கப்பா = (0.90 − 0.82) ÷ (1 − 0.82) = 0.44. இதே வகையான இன்னொரு அளவு, கிரிப்பென்டார்ஃப் ஆல்ஃபா போட்டாலும் 0.45தான். அவர் 0.80 கேட்கிறார், தற்காலிக முடிவுக்குக் கூட 0.667. விதியைத் திருத்த வேண்டும்.

(சேலம், ஆராய்ச்சி மாணவர்): மேடம், இதை ஏற்க முடியவில்லை. அரிதாக வரும் வகையில் கப்பா தானாகவே இறங்கும். ஃபைன்ஸ்டீனும் சிச்செட்டியும் 1990லேயே சுட்டிக்காட்டியது. அதே அட்டவணைக்கு க்வெட்டின் ஏசி1 என்ற வேறொரு ஒப்பு அளவைப் போட்டால் 0.88 வருகிறது. நன்றாக வேலை செய்த பிள்ளைகளை ஏன் திரும்பக் கோட் செய்யச் சொல்கிறீர்கள்?

பதில்: கப்பா இறங்கும் என்பது சரிதான் சார். ஆனால் அந்த அட்டவணையை இன்னொரு முறை பாருங்கள். யாராவது ஒருவராவது 1 போட்ட செய்திகள் 15. அதில் இருவரும் ஒத்துக்கொண்டது 5. அந்த மாணவியின் ஆய்வே பொறுப்புச் சட்டகத்தைப் பற்றியது. மூன்றில் ஒன்றுதான் ஒத்துப்போகிறது என்றால் அவர் எழுதும் முடிவு எதன் மேல் நிற்கும்? 0.88 என்ற எண் அந்தப் 10 முரண்பாடுகளை மறைத்துவிடுகிறது.

(சேலம்): அப்படியென்றால் அரிதான சட்டகத்தை யாருமே ஆராய முடியாது. 1 போட்டவை குறைவாக இருக்கும்போது ஐந்து செய்தியை வைத்துத் தீர்ப்புச் சொல்வதும் சரியில்லையே.

பதில்: இது நியாயமான கேள்வி, ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் சோதனைத் தொகுப்பிலேயே அந்தச் சட்டகம் போதுமான அளவு இருக்க வேண்டும். தஞ்சாவூர் மாணவி செய்ய வேண்டியது: முரண்பட்ட 10 செய்திகளையும் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து படித்து, எந்த வரியால் பிரிந்தோம் என்று குறித்து, விதியைத் திருத்த வேண்டும். பிறகு புதிய 60 செய்திகளில், சட்டகம் இருக்கக்கூடியவை என்று கைடு பொறுக்கிய 20 உட்பட, தனித்தனியாகக் கோட் செய்ய வேண்டும். பேசி முடித்த பழைய செய்திகளிலேயே மறுபடி அளந்தால் எண் உயரும், ஆனால் அது நம்பகத்தன்மை ஆகாது. அறிக்கையில் சதவீதம், ஆல்ஃபா, நான்கு கட்ட அட்டவணை மூன்றையும் போடுங்கள். 20ஐப் பொறுக்கிச் சேர்த்ததையும் எழுதுங்கள். ஏசி1 சேர்ப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, அதை மட்டும் போடுவதில்தான் ஆட்சேபம்.

(சேலம்): அட்டவணையைப் போடுவதானால் சரி.

கேள்வி (நெல்லை): சர்வேக்கு 384 பேர் கட்டாயமா? கைடு ‘ரேண்டம் சாம்பிளிங்’ என்று எழுதச் சொல்கிறார்.

பதில்: 384 என்பது பெரிய மக்கள்தொகையிலிருந்து குலுக்கி எடுப்பவர்களுக்கான கணக்கு, கிரெஜ்சி–மோர்கன் 1970 அட்டவணையில் வருவது. வாட்ஸ்அப் குழுக்களில் ஃபார்வர்டு செய்தால் ஆயிரம் பேர் வந்தாலும் அது வசதி மாதிரிதான், கைக்கு எட்டியவர்களை எடுப்பது. அப்படியே எழுதுங்கள். வைவாவில் ‘எந்தப் பட்டியலிலிருந்து குலுக்கினீர்கள்?’ என்று ஒரு கேள்வி வந்தால் பதில் இருக்காது. கைடிடம் இதையே மரியாதையாகச் சொல்லுங்கள்.

கேள்வி (ஈரோடு): ப்ராஜெக்ட்டுக்குக் குறும்படம் எடுக்கலாமா? எந்த கேமரா?

பதில்: உங்கள் துறையின் பாடத்திட்டத்தைப் பாருங்கள். கேமரா என் துறை இல்லை.

கேள்வி (வேலூர்): ‘மீம்களின் தாக்கம்’?

பதில்: மீண்டும் சொல்கிறேன், அளக்காத ஒன்றைத் தலைப்பில் வைக்காதீர்கள். மீம்களையே கோட் செய்யுங்கள்.

கேள்வி (சென்னை): பிளேஜியரிசம் எவ்வளவு வரலாம்? மேற்கோள் பட்டியலை ஏஐயிடம் வாங்கினேன்.

பதில்: யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிகளில் முதுகலை, ஆராய்ச்சிப் பட்ட ஆய்வேடுகளுக்கு 10 சதவீதம் வரை தண்டனை இல்லை; உங்கள் ப்ராஜெக்ட்டுக்குக் கல்லூரியின் விதிதான். கல்லூரி இன்னும் குறைவாக வைத்திருக்கலாம், கேளுங்கள். மேற்கோள்களை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். திறக்காத கட்டுரை ஒன்றுகூடப் பட்டியலில் இருக்கக் கூடாது, இல்லாத கட்டுரையை ஏஐ உண்மைபோலவே எழுதித் தரும்.

கேள்வி (திருவாரூர்): கை-வர்க்கம் (இரண்டு வகைப்பாடுகளுக்குத் தொடர்பு உண்டா என்று பார்க்கும் சோதனை) போட்டேன், பி மதிப்பு 0.31. ரிசல்ட்டே வரவில்லை அக்கா. சில பதில்களை எடுத்துவிடலாமா?

பதில்: ஒன்றையும் எடுக்காதே. தொடர்புக்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்பதே உன் ரிசல்ட். 0.31 என்றே எழுது. எதிர்பார்க்கும் எண்ணிக்கை ஐந்துக்குக் கீழே உள்ள கட்டங்கள் எத்தனை என்று மட்டும் பார்த்துவிடு. அவை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால், பொருள் கெடாமல் சேர்க்கக்கூடிய வகைகளைச் சேர்த்து மறுபடி போடு, சேர்த்ததையும் காரணத்தோடு எழுது.