இருட்டுக் கடையில் வாங்கிய கறுப்புச் சட்டை

தம்பி, அமெரிக்கா வந்த இரண்டாம் மாதமே மாலில் இளைஞர்கள் மொய்க்கும் ஒரு துணிக்கடைக்குப் போனதாக எழுதியிருந்தீர்கள். ஒரே இருட்டு, காதைக் கிழிக்கும் பாட்டு, மூக்கைத் துளைக்கும் செண்டு வாசனை. வேலை பார்க்கும் பையன் உங்களை மேலும் கீழும் பார்த்தான். இருந்ததிலேயே பெரிய சட்டைக்குக்கூட உங்களுக்குப் பட்டன் போட வரவில்லை. "நான் ஏதாவது தப்பாக நடந்துகொண்டேனா?" என்று கேட்கிறீர்கள்.

இல்லவே இல்லை. நான் முதல் தடவை அப்படி ஒரு கடைக்குப் போனபோது, கடை பூட்டியிருக்கிறது, உள்ளே யாரோ பார்ட்டி நடத்துகிறார்கள் என்று நினைத்து வாசலிலேயே நின்றுவிட்டேன். அப்புறம் துணிந்து நுழைந்து, தடவித் தடவி ஒரு கறுப்புச் சட்டை எடுத்தேன். பில் போட்ட பெண் ஏதேதோ கேட்டாள். பாட்டுச் சத்தத்தில் ஒன்றும் காதில் விழவில்லை. எல்லாவற்றுக்கும் 'எஸ்' சொல்லி வைத்தேன். பல மாதங்களுக்கு விளம்பர மின்னஞ்சல் வந்துகொண்டே இருந்தது. சட்டையை வீட்டு வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தால் கரும்பச்சை!

இந்த இருட்டும் இரைச்சலும் தற்செயல் இல்லை. இந்தப் பாணிக்கு ஒரு காலத்தில் பேர்போன நிறுவனம் ஆபர்கிராம்பி அண்ட் ஃபிட்ச். 1892-இல் நியூயார்க்கில் தொடங்கி, வேட்டைக்கும் முகாமுக்கும் போகிறவர்களுக்குச் சாமான் விற்றுக்கொண்டிருந்த கடை அது. பிற்காலத்தில் ஆளே மாறிவிட்டது. தன் சொந்தச் செண்டையே கடைக்குள் தெளித்தது, விற்பனை ஊழியர்களை 'மாடல்' என்றே அழைத்தது. அதன் அப்போதைய தலைவர் மைக் ஜெஃப்ரிஸ் 2006-இல் ஒரு பேட்டியில், அழகான, எல்லோருக்கும் பிடித்த பிள்ளைகளுக்குத்தான் எங்கள் துணி, மற்றவர்கள் இதில் சேர முடியாது என்ற பொருளில் ஒளிவுமறைவில்லாமல் பேசினார். பெரியவர்களும் என்னைப் போன்ற தொப்பைக்காரர்களும் வாசலோடு திரும்பிப் போவதும் அந்தக் கணக்கில் அடக்கம்தான்.

அந்தப் பையன் பார்த்தது உங்கள் நிறத்தையா என்று கேட்டிருந்தீர்கள். வெறும் பிரமை என்று தள்ளிவிட மாட்டேன். கறுப்பின, லத்தீன், ஆசிய இளைஞர்களை வேலைக்கு எடுப்பதில்லை, எடுத்தாலும் கண்ணில் படாமல் பின்கட்டில் போடுகிறார்கள் என்று அதே நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டு, 2004-இல் 4 கோடி டாலர் தர ஒப்புக்கொள்ள வைத்தார்கள். தலையில் முக்காடு அணிந்த ஒரு முஸ்லிம் பெண்ணுக்கு வேலை மறுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2015-இல் எட்டு நீதிபதிகளுக்கு ஒருவர் என்ற கணக்கில் நிறுவனத்துக்கு எதிராக முடிந்தது. அதே ஆண்டில் தோற்றம் பார்த்து ஆள் எடுப்பதையும் 'மாடல்' என்ற பெயரையும் கைவிட்டார்கள்.

ஆனால் நீங்கள் பார்த்த பையன் விஷயம் பெரும்பாலும் சாதாரணமாக இருக்கும். மணிக்கணக்குச் சம்பளத்துக்கு நிற்கும் கல்லூரிப் பிள்ளை, கால் வலி, எப்போது ஷிப்ட் முடியும் என்ற யோசனை. மறுபடி பார்த்தால் நீங்களே முந்திக்கொண்டு 'ஹாய்' சொல்லுங்கள், முகம் மாறுகிறதா என்று பாருங்கள். மாறாவிட்டால் பக்கத்துக் கடை இருக்கிறது.

சைஸுக்காக மட்டும் மனசை விட்டுவிடாதீர்கள். ஒரு கடையின் 'லார்ஜ்' இன்னொரு கடையில் 'மீடியம்'. ஆண்களின் பேன்ட்டில் இடுப்பளவு அங்குலத்தில் இருந்தாலும், டேப் வைத்து அளந்தால் லேபிளில் உள்ளதைவிட அதிகமாக வருவது சகஜம். பெண்களுக்கோ பூஜ்ஜியம், இரட்டைப் பூஜ்ஜியம் என்றெல்லாம் சைஸ் உண்டு. என் மனைவி அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இன்னும் நினைவிருக்கிறது. அதனால் எதை எடுத்தாலும் போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

வாங்கினால் லேபிளைக் கிழிக்காமல், எத்தனை நாளைக்குள் திருப்பித் தரலாம் என்று ரசீதில் பாருங்கள். கடைக்குக் கடை மாறும். ரசீதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நான் போட்டுவிட்டேன். அந்தக் கரும்பச்சைச் சட்டை பத்து வருஷம் என்னோடு இருந்தது.